தாலிக்கு ஒரு நடுவழி

அவரை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது. என் கல்யாணப் பேச்சில் எழுந்த தாலித் தகராறைத் தீர்க்க, சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்த பெரியவர். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. யாராவது குரலை உயர்த்தினால் கைக்கடிகாரத்தைக் கழற்றி, துடைத்து, மறுபடி கட்டிக்கொள்வார். தங்கக் கடிகாரம்!

மாப்பிள்ளை வீட்டார் போகும் சபையில் பெண்கள் பொட்டுத் தங்கம் போடக்கூடாது. அவர்கள் பைபிளில் பொன் நகை வேண்டாம் என்னும் பேதுருவின் நிருபத்தைப் பிரித்தார்கள். நாங்கள் போகும் வேதக்கோயிலில் தாலி கட்டாமல் கல்யாணமே கிடையாது. அம்மா அதே பைபிளில், மணப்பெண் ரெபெக்காளுக்குப் பொன் கடகங்கள் போட்ட வசனத்தைக் காட்டினாள். மத்தியானம் முழுக்க என் கழுத்தைப் பற்றித்தான் பேச்சு. என்னை யாரும் கேட்கவில்லை.

கடைசியில் பெரியவர் சொன்னார்: “ரெண்டு பக்கமும் வசனம் இருக்கு லா. தாலி கட்டட்டும். அவங்க சபைக்குப் போறப்ப பொண்ணு அதை சேலைக்குள்ள போட்டுக்கட்டும்.”

எல்லாரும் நிம்மதியாகக் காப்பி குடித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “யாருக்குத் தெரியாம மறைக்கணும் ஐயா? ஆண்டவருக்கா?” என்று கத்தினேன்.

அவர் கடிகாரத்தைத் தொடவே இல்லை. “ஆண்டவருக்கு எதும்மா தெரியாது? முன் வரிசையில உக்காந்திருக்கிற அக்காமாருக்குத்தான்” என்றார்.

அவ்வளவு வசனம் பேசிய கூட்டத்தில் உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். சொல்லிவிட்டும் தீர்ப்பை மாற்றவில்லை. அவர் நல்லவரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் தாலியைச் சேலைக்குள் தள்ளும்போது அவரைத் திட்டிக்கொண்டேதான் தள்ளுகிறேன்.