பதினோராவது செடி

ஒவ்வொரு செடியாகத் தண்டைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே போனார் ஹார்லன். பனிநீர் பொலபொலவென்று உதிர்ந்து அவர் சட்டைக் கையை நனைத்தது. பதினோரு கஞ்சாச் செடிகள். அக்டோபர் பிறந்தும் ஒன்றுகூட அவர் இடுப்புக்கு மேல் வளரவில்லை. மொட்டுக்குள் ஈரம் தங்கினால் சாம்பல் பூஞ்சணம் பிடித்து, மூன்றே நாளில் கதை முடிந்துவிடும். "முழிச்சுக்கங்கடி, மூஞ்சியத் தொடைச்சாச்சு" என்றார் அவற்றிடம். கஞ்சாவில் பெண்செடிக்குத்தான் மதிப்பு.

பேச்சுத் துணைக்கு அவருக்கு வாரத்தில் ஒருநாள் நான் கிடைப்பேன். வடக்குக் கலிபோர்னியாவின் இந்த மலைப்பாதையில் இருபது வருஷமாக கேஸ் வண்டி ஓட்டுகிறேன். அப்போது முப்பது வீடு, இப்போது நான்கு. கஞ்சா சட்டப்படி ஆனதும் விலை விழுந்தது. ஒவ்வொருவராக வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள். ஹார்லன் மட்டும் உரிமத்தை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். வயது எழுபத்தொன்று. ஒரு காலில் கறுப்பு பூட்ஸ், மறுகாலில் பழுப்பு. கேட்டால், "ரெண்டும் ஒரே நாள்ல கிழிய மாட்டேங்குது, நான் என்ன பண்ண?" என்பார்.

செடி அவர் மனைவி வெர்னாவுடையது. நூறு நாற்றில் ஒன்றை மோந்து பார்த்தே தேர்ந்தெடுத்தாளாம். எலுமிச்சைத் தோல் வாசம். விதை போட்டால் அதே செடி வராது. தாய்ச்செடியின் கிளைநுனியைப் போத்தாக வெட்டி வேர்விட வைத்தால்தான் வரும். வெர்னா இறந்து ஒன்பது வருஷமாகிறது. போத்துக்குப் போத்தாக அந்த வாசம் மட்டும் வீட்டில் இருந்தது.

நல்ல செடியை இங்கே யாரும் தனியாக வைத்துக்கொள்வதில்லை. வசந்தத்தில் காகிதக் கோப்பைகளில் போத்து நட்டு, ஐஸ் குச்சியில் அக்கம்பக்கத்தார் பெயரை எழுதிக் குத்தி, வீடு வீடாகக் கொடுப்பார்கள். உன்னுடையது செத்தால் என்னிடம் இருக்கும் என்ற கணக்கு.

அந்தத் தைரியத்தில்தான் ஹார்லன் ஏமாந்தார். இடுப்பு அறுவை முடிந்து ஜூலைக் கடைசியில் ஊர் திரும்பி, அவசரமாகப் பத்துப் போத்து வெட்டினார். ஆகஸ்ட் நடுவில் அவற்றை வெளியே நட்டபோது, "கெழவியும் கொஞ்சம் வெயில் பாக்கட்டும்" என்று தாய்ச்செடியையும் கூடவே நட்டுவிட்டார். பகல் சுருங்கும் காலம். பதினொன்றும் வளர்வதை விட்டுவிட்டுப் பூக்கத் தொடங்கின. பூத்த செடி அறுவடையோடு சரி. போகட்டும், பழைய பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டிஸிடம் இருக்குமே என்று போன் போட்டார்.

"நெவாடால மக வீட்ல இருக்கான். போன வருஷமே புடுங்கிட்டேங்கறான். மேட்டு வீட்டு மரியன் அந்தச் செடியிருந்த எடத்துல ஆலிவ் கன்னு வச்சிட்டாளாம். போத்து வாங்கின நாலு பேர்கிட்டயும் இல்ல." என்னிடம் சொல்லிவிட்டு இடுப்பைத் தடவிக்கொண்டார். "எல்லாரும் இன்னொருத்தர்கிட்ட இருக்கும்னு நெனச்சிருக்கோம்."

ஒரே ஒரு வழி இருந்தது. பூவை அறுக்கும்போது அடிக்கிளையில் சில மொட்டுகளை விட்டு, தொட்டிக்கு மாற்றி, நாளெல்லாம் விளக்கு காட்டினால் சில செடிகள் மனம் மாறித் திரும்பத் தழைக்கும். பல செடிகள் செத்துப்போகும்.

மறுவாரம் நான்கு நாள் மழை விடாமல் அடித்தது. நான் போனபோது பத்துச் செடிகள் சாம்பல் பிடித்துக் கிடந்தன. கூரையோரம் நின்ற தாய்ச்செடி மட்டும் தப்பியிருந்தது. பூவை அறுத்து அதைத் தொட்டியில் வைத்து அடுப்படிக்குக் கொண்டுவந்து, வெர்னாவின் படிப்பு விளக்கை அதன் பக்கம் திருப்பியிருந்தார். வீட்டில் நல்ல விளக்கு அது ஒன்றுதான்.

"அப்ப நீங்க எப்படிப் படிப்பீங்க?"

"ரேடியோ இருக்குல்ல."

வாரா வாரம் போனேன். மொட்டை மொட்டையாக நின்றது.

ஜனவரியில் ஒருநாள் மதியம் வாசலிலேயே காத்திருந்தார். கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். அடிக்கணுவில் ஒரு தளிர். விரல் விரித்த கஞ்சா இலை இல்லை. துளசி மாதிரி பிளவில்லாத ஒற்றை இலை.

"பைத்தியம் புடிச்ச மாதிரி இருக்குல்ல? திரும்பி வர்றது இப்படித்தான் வரும். மார்ச்சுக்குள்ள போத்து வெட்டிரலாம்."

மேசையில் பழைய ஐஸ் குச்சிகள் பரப்பியிருந்தன. ஓட்டிஸ் என்று எழுதியிருந்ததை எடுத்து, பேனாக்கத்தியால் பெயரைச் சுரண்டினார்.

"நான் புதினாவையே சாகடிச்சவன், ஹார்லன்."

அவர் தூளை ஊதித் தள்ளினார். குச்சியையும் பென்சிலையும் மேசைமேல் என் பக்கமாக நகர்த்தினார்.