மூன்று கிளிப்புகளும் அண்ணியும்

என் அண்ணி தையல்காரி. அண்ணன் அவருக்கு வைத்திருக்கும் பேர் ‘ஆரம்பசூரி’. கத்தரிக்கோலைக் கையில் எடுத்தால் அண்ணிக்குப் பசி, தூக்கம் எதுவும் தெரியாது. துணியை வெட்டிப் பாதி தைத்ததும் வேறொரு யோசனை வந்துவிடும். முதல் துணி கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் துணிக்கடைக்கார அம்மா, அண்ணி தைப்பதை விற்பனைக்கு வைக்க, வாசலைப் பார்த்த ஓர் அலமாரித் தட்டை ஒதுக்கியிருந்தார். அதில் தூசிதான் படிந்துகொண்டிருந்தது. “வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்பவும் காலியா இருந்தா அடுத்த தெரு பொண்ணுக்குக் குடுத்துடுவேன். கோவிச்சுக்காதே” என்று சொல்லிவிட்டார். அண்ணிக்கு அந்தத் தட்டென்றால் உயிர். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

கட்டிலுக்கு அடியில் இருந்ததையெல்லாம் இழுத்துத் தரையில் பரப்பினோம். பிடியில்லாத பை. நாடா இல்லாத சமையல் ஏப்ரன். உள்துணி வைக்காத தொப்பி. இன்னும் ஒரு குவியல்.

“இது வீடா, ஆஸ்பத்திரியா? ஒண்ணுக்குக் கையில்லை, ஒண்ணுக்குக் குடலில்லை” என்றார் அண்ணன்.

அண்ணி எழுந்தார். சுவரோரமாக ஒரு கயிற்றைக் கட்டினார். துணி காயப்போடும் கிளிப்புகளில் மூன்றை மட்டும் அதில் மாட்டினார். பை, ஏப்ரன், தொப்பி மூன்றும் தொங்கின. மற்றவையெல்லாம் பெட்டிக்குள் போயின.

“கயித்துல தொங்குறதை மட்டும்தான் தைப்பேன். ஒண்ணு முடிஞ்சு இறங்கினாத்தான் அடுத்தது ஏறும். புதுசா ஏதாவது தோணினா, ஒரு துண்டுத் துணி இந்த பிஸ்கட் டப்பாவுக்குள்ள போகும். நீ பார்த்துக்கோ கண்ணு.”

பார்ப்பதுதான் எனக்கு வரும். பையின் பிடியும் தொப்பியின் உள்துணியும் மறுநாளே ஏறின. ஆனால் ஏப்ரனுக்கு நாடா தைப்பது அலுப்பான வேலை. நீளமாக மடித்து, திருப்பி, ஓரம் அடிக்க வேண்டும். அண்ணி அதன் முன்னால் நின்று நின்று நகர்ந்தார். மழையில் நனைந்த குடையை வைக்க ஓர் உறை தைத்தால் என்ன என்று தோன்றிவிட்டது போலிருக்கிறது. டப்பாவில் துண்டு விழவில்லை. ஏப்ரன் மட்டும் கொஞ்சம் தடித்தது. அடுத்த நாள் இன்னும் தடித்தது.

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ‘டப்’பென்று கிளிப் தெறித்து அவர் தட்டில் விழுந்தது. ஏப்ரனுக்குப் பின்னாலிருந்து குடை உறையும், ஒரு தலையணை உறையும் சரிந்தன.

“பாவம், கிளிப்புக்கே மூச்சு முட்டிடுச்சு” என்று அண்ணன் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அண்ணி மட்டும் சிரிக்கவில்லை.

அண்ணன் வேலைக்குக் கிளம்பியபின் கேட்டேன். “நாடாதானே அண்ணி பாக்கி?”

அண்ணி துணியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நீவினார். “முடிக்காத வரைக்கும் அது நான் நினைச்ச மாதிரியே அழகா இருக்கு கண்ணு. முடிச்சுட்டா நாலு பேர் புரட்டிப் பார்ப்பாங்க. கோணல்னா கோணல்தான்.”

நானும் ஆள் முன்னால் போய் நிற்கப் பயப்படுகிறவள். அந்தப் பயம் துணியிலும் இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. குடை உறையிலிருந்து ஒரு துண்டை வெட்டி டப்பாவில் போட்டேன். அண்ணி ஊசியில் நூல் கோத்தார்.

வெள்ளிக்கிழமை மூன்றையும் எடுத்துக்கொண்டு போனோம். கடைக்கார அம்மா ஏப்ரனின் நாடாவைச் சுண்டி இழுத்துப் பார்த்தார். தொப்பியை உள்ளும் புறமும் திருப்பினார். “பையில பாக்கெட் கோணலா இருக்கே” என்றார்.

அண்ணியின் கை என் கையைப் பிடித்தது. “ஆமாம்மா. அடுத்ததுல நேரா வரும்.”

“மூணுக்கு முழுத் தட்டு எதுக்கு? பாதி உனக்கு. பாதி அந்தப் பொண்ணுக்கு.”

வீட்டில் அண்ணன் கேட்டுவிட்டு, “பாதி உன்னை விடவே மாட்டேங்குதே!” என்றார். இந்த முறை முதலில் சிரித்தது அண்ணிதான். சிரித்துக்கொண்டே டப்பாவைத் திறந்து, குடை உறைத் துண்டை மட்டும் எடுத்து ஒரு கிளிப்பில் மாட்டினார். மற்ற இரண்டும் காலியாகவே ஆடிக்கொண்டிருந்தன.