படிவம் இல்லாத பட்டி

கறுப்புப் பட்டி வேண்டும் என்று நான் எழுதிக் கேட்டேன். மாத்தளையில் நான் போகும் கராத்தே வகுப்பில் அப்படிக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

வெள்ளையிலிருந்து பழுப்பு வரைக்கும் அங்கே படிவம் உண்டு. நிரப்பிப் படம் ஒட்டிக் கொடுத்தால் பரீட்சைக்கு நாள் சொல்வார்கள். கறுப்புக்கு மட்டும் படிவம் கிடையாது. ஒரு நாள் எங்கள் மாஸ்டர், சென்செய், உங்களைப் பார்த்து, அடுத்த கிழமை புது உடுப்போடு வரச் சொல்வார். அவ்வளவுதான். அதுவரை அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருக்கும் லயத்து வீட்டுக் கூரை ஒழுகினால் தோட்டத்துத் துரைக்குக் கடிதம் எழுதுவது நான்தான். அம்மாவின் அடையாள அட்டையில் பிறந்த திகதி பிழையாக இருந்தபோது அரசாங்கக் கந்தோருக்கு எழுதித் திருத்தி வாங்கியதும் நான்தான். அப்பா முப்பது வருடம் அதே மலையில் வேலை செய்தார். கங்காணி வேலை காலியானபோதெல்லாம், தன்னைக் கூப்பிடுவார்கள் என்று பேசாமல் இருந்தார். யாரும் கூப்பிடவில்லை. பேசாமல் இருப்பதை அடக்கம் என்று நினைக்க என்னால் முடியவில்லை.

ஆகவே பழுப்புப் பட்டி கட்டி மூன்று வருடம் கழித்து சென்செய்க்கு எழுதினேன். அவர் டவுனில் இரும்புக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் மனிதர். எத்தனை வருடம் பழகினேன், எந்தப் போட்டியில் என்ன இடம் என்று இலக்கமிட்டு எழுதி, தயவுடன் பரிசீலிக்குமாறு கேட்டு முடித்தேன். வகுப்புக்கு இரண்டு நாள் வராததையும் ஒளிக்கவில்லை. அது ஏ.எல். பரீட்சை நேரம்.

நின்றபடியே முழுவதும் வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"எழுத்து நல்லா இருக்கு மகள்" என்றார். பிறகு எல்லோரையும் உதைப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்.

அப்போது வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அக்கா கார்மெண்ட் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அப்போதே ஏழு வருடமாகப் பழுப்புப் பட்டிதான். பஸ் தரிப்பிடத்தில் விஷயத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எழுதியா கேட்ட? அடியே, பொண்ணே போயி மாப்பிள்ள வீட்டுக் கதவத் தட்டின மாதிரியில்ல இருக்கு."

"ஏழு வருஷமா நிக்கிறீங்களே அக்கா, உங்களுக்கு ஆசையே இல்லையா?"

"ஆசை இல்லன்னு எவ சொன்னா? வாயில வராது, அவ்வளவுதான்."

நான்கு மாதம் கழித்து புது உடுப்போடு வரும்படி சென்செய் சொன்னார். என்னிடம் அல்ல, அக்காவிடம்.

புது உடுப்போடு அக்கா பரீட்சைக்கு வந்த அன்று அவருக்கு எதிரில் நின்று சண்டை போட்டது நான். கோபத்தில் கொஞ்சம் பலமாகவே அடித்தேன். எல்லாவற்றையும் தடுத்தார். முடிந்ததும் சென்செய் கொடுத்த கறுப்புப் பட்டியை அக்கா என்னிடம் நீட்டினார். நான் கட்டிவிட்டேன். புதுத் துணி விறைப்பாக இருந்தது. முடிச்சை இறுக்கும்போது அதை விட மனமில்லாமல் ஒரு கணம் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா பார்த்தார்.

இப்போது பல்லேகமப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். சனிக்கிழமை விடியவே கிளம்பி இரண்டு பஸ் ஏறி மாத்தளைக்கு வருகிறேன். பழுப்புப் பட்டிக்காரர்களில் முதலாவதாக நிற்கிறேன். கேட்டது பிழை என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனாலும் மறுபடி கேட்க வாய் வரவில்லை.

போன கிழமை வரிசையில் நிற்கும்போது சென்செய் என் முன்னால் வந்து நின்றார்.

"மகள்" என்றார்.

பட்டியைச் சரிசெய்து நிமிர்ந்தேன்.

"அந்த ஜன்னலக் கொஞ்சம் தொறங்க. புழுக்கமா இருக்கு."

திறந்துவிட்டு வந்து என் இடத்தில் நின்றேன். அவர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். வகுப்பு முடியும்வரை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.