எல்வியோவின் பட்டியலில் என் எண்

எல்வியோ மான்சினெல்லி யாரிடமும் எதுவும் கேட்டு வாங்கிய ஆள் இல்லை. பதினோரு வருஷமாக எனக்கும் அவனுக்கும் நடுவே ஒரு செங்கல் சுவர்தான். ஒரு கரண்டி சர்க்கரை, ஓர் ஏணி, எதுவும் கேட்டதில்லை. எங்கள் ஊர் பாஹியா பிளாங்கா முழுக்கக் காற்றடித்து எங்கள் இரண்டு வீட்டுக் கூரைத் தகடும் பறந்த அன்றுகூட, முதலில் என் தகட்டைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தான். பிறகு தன்னுடையதைத் தனியாளாக ஏறி அடித்துக்கொண்டான். நல்ல மனுஷன்தான். ஆனால் அந்த வீம்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இருபத்திரண்டு வயதில் டவுன் பஸ் ஓட்ட ஆரம்பித்தவன். அவனுக்கு ஒரு தம்பி, லாலோ. லாலோவுக்கு ஆறு வயதிலிருந்து வலிப்பு. தாய் இறந்தபின் தம்பியை எல்வியோதான் வைத்துக்கொண்டான். ஒரு சமயம் கல்யாணப் பேச்சு நடந்திருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு லாலோ எங்கே இருப்பான் என்று அந்தப் பெண் கேட்டாளாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இவன் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. இதை எனக்குச் சொன்னது லாலோ. தன்னால்தான் அண்ணன் தப்பித்தான் என்று அதில் ஒரு பெருமை வேறு.

ஐம்பதைத் தாண்டியதும் லாலோ அடிக்கடி விழ ஆரம்பித்தான். மார் தெல் பிளாத்தாவில் இருக்கும் மூத்த அக்கா தெல்மா போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். எல்வியோ பஸ்ஸில் இருக்கும் நேரமெல்லாம் லாலோ தனியாகக் கிடக்கக் கூடாது. இன்னொரு தடவை விழுந்தால் அவனைப் பராமரிப்பு விடுதியில் சேர்த்துவிடுவாள். விடுதி என்றாலே லாலோவுக்கு நடுக்கம். சின்ன வயதில் ஒரு வருஷம் அப்படி ஓர் இடத்தில் இருந்திருக்கிறான். அங்கே கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்களாம்.

அதனால்தான் எல்வியோ ஒரு வேலையில் இறங்கினான். சிகரெட் பெட்டி அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் வாங்கினான். குளியலறையில் அசைவைக் கவனிக்கும் ஒரு சென்சார், கட்டிலோரம் மிதித்தால் தெரிவிக்கும் ஒரு விரிப்பு. வீட்டைக் கவனித்துக்கொள்ளும் மென்பொருளை எப்படியோ ஏற்றிவிட்டான். ஆனால் அது கவனித்ததைப் போனுக்குச் செய்தியாக அனுப்ப வேண்டுமென்றால், அதற்கென்று இன்னொரு துணை நிரலைச் சேர்க்க வேண்டுமாம். ஸ்டியரிங் பிடித்த கை, ஒவ்வொரு படியையும் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு மூன்று ஞாயிறுகள் அதோடு மல்லுக்கட்டியது. குடிக்க வைத்த மாத்தே தேநீர் ஆறிப்போகும், திரும்பத் தண்ணீர் சுடவைப்பான். கடைசியில் சோதனை. லாலோ குளியலறைத் தரையில் இருபது நிமிஷம் ஆடாமல் உட்கார்ந்தான். சமையலறை மேஜையில் போன் அடித்தது. இரண்டு பேரும் போட்ட கூச்சலில், யாரோ கோல் அடித்துவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

பஸ் ஓட்டும்போது டிரைவர்கள் போனைப் பெட்டியில் பூட்டிவைக்க வேண்டும். சுற்று முடிந்தால்தான் எடுக்கலாம். அதற்காகவே செய்தி போக வேண்டிய எண்களின் பட்டியலில் இரண்டாவதாக என் எண்ணைச் சேர்த்திருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் உதவி கேட்ட மாதிரி ஆகிவிடுமே. எனக்குத் தொந்தரவு என்று ஒரு சோதனைச் செய்திகூட அனுப்பிப் பார்க்கவில்லை.

எங்கள் நாட்டில் செல்போன் எண்ணை யார் கேட்டாலும் நடுவில் ஒரு பதினைந்தைச் சேர்த்தே சொல்வோம், அப்படியே எழுதுவோம். அந்த நிரலுக்குப் பதினைந்து ஆகாது. அதை எடுத்துவிட்டு, நாட்டு எண்ணுக்குப் பின்னால் ஓர் ஒன்பது போட வேண்டும். அவனுடைய எண்ணை அவன் அடிக்கவே இல்லை. போனில் ஒரு குறியீட்டை ஸ்கேன் செய்து இணைத்ததால் அது சரியாக இருந்தது. என்னுடையதை, எப்போதோ நான் கொடுத்த சீட்டைப் பார்த்துப் பதினைந்தோடு அடித்துவிட்டான்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால். லாலோ குளியலறையில் விழுந்தான். இருபது நிமிஷம் கழித்து வீடு இரண்டு செய்திகளை அனுப்பியது. ஒன்று பூட்டிய பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. இன்னொன்று எங்கேயும் போகவில்லை. நான் சுவருக்கு இந்தப் பக்கம் ரேடியோவைப் போட்டுக்கொண்டு பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எல்வியோ சுற்று முடிந்து, போனை எடுத்துப் பார்த்து ஓடிவந்தபோது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. இடுப்பெலும்பு முறிந்து, ஈரத் தரையில், லாலோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோயிருந்தான்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எல்வியோ எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"சுவத்துல ரெண்டு தட்டு தட்டி, நில்டா, கொஞ்சம் பாத்துக்கோங்கன்னு சொல்லியிருந்தா உனக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

அவன் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

லாலோவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அன்றே, அவனை விடுதிக்குக் கூட்டிப்போக தெல்மா காரோடு வந்துவிட்டாள். அவள் லாலோவின் துணிமணிகளை மடித்து வைக்கிற வரைக்கும் எல்வியோ சும்மா நின்றிருக்கிறான். பிறகு வந்து என் கதவைத் தட்டினான். முகம் காது வரை சிவந்திருந்தது.

"ஒண்ணு கேக்கணும் நில்டா. நான் பஸ்ஸுல இருக்கிற நேரம் லாலோவ நீங்க பாத்துக்கறீங்களா?"

"மொதல்ல அந்த எண்ணச் சரி பண்ணு. அப்புறம் சாவியக் குடு."

தெல்மா முனகிக்கொண்டே காலிக் காரோடு திரும்பிப் போனாள். அதன்பின் இரண்டு வருஷம் தினமும் காலையில் அங்கே போனேன். லாலோ என் சமையலைக் கிண்டல் செய்வான், நான் அவன் பாட்டைக் கிண்டல் செய்வேன். செய்தி ஒழுங்காக எனக்கும் வந்தது, நான்கு தடவை. பெரும்பாலும் அது வரும்போது நான் அவன் பக்கத்திலேயே இருந்தேன்.

போன செப்டம்பரில் லாலோவுக்கு வலிப்பு வந்து நிற்கவே இல்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எல்வியோவுக்குத் தெரிவிக்கப் போனை எடுத்தேன். சுற்றின் முடிவில், பெட்டியைத் திறந்து, அவன் தனியாக நின்று அதை எழுத்தில் படிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணை லாலோவிடம் உட்காரவைத்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். மூன்றாவதாக வந்தது அவன் பஸ். அந்த நேரத்தில் நான் அங்கே நிற்பதைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. கதவைத் திறந்தான். எஞ்சினை அணைத்தான்.

"தனியா இருந்தானா?" என்றான்.

"இல்ல எல்வியோ. என் கையப் பிடிச்சுட்டுதான் போனான்."