மருந்துப் புட்டியில் இருந்த மை

ராஜகீழ்ப்பாக்கம் ஏசுபாதம் பத்திரம் எழுதுகிறவர். தாம்பரத்தில் பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருந்த ஓலைக் கொட்டகையில் அவர் மேஜை முதலாவது, என் மேஜை இரண்டாவது. 1978 முதல் பதினெட்டு வருஷம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். அவர் மனைவி அருள்மேரிகூட அவரை நான் பார்த்த அளவுக்குப் பார்த்திருக்க மாட்டார். எனக்கு அவர்மேல் பொறாமை.

அவரிடம் பதினோரு மைப்பேனாக்கள் இருந்தன. மூக்குக்கண்ணாடிக் கூடு இரண்டில் ஃபிளானல் துணி வைத்து, ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்கியிருப்பார். துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் போன பிள்ளைகள் ஊர் திரும்பும்போது, மனை வாங்கிய பத்திரம் ராசியாக அமைந்தது என்று சொல்லி அவருக்குப் பேனா கொண்டுவந்து கொடுப்பார்கள். என் பத்திரத்தில் மனை வாங்கியவர்களும் வெளிநாடு போனார்கள். எனக்கு யாரும் ஒரு மூடிகூடக் கொடுத்ததில்லை. என்னிடம் இருந்தது ஒரே ஒரு எபோனைட் பேனா. நானே தேடி வாங்கி, நிப்பை நானே எண்ணெய்க்கல்லில் தேய்த்து என் கைக்குப் படியவைத்தது.

காலையில் வந்ததும் அன்றைக்கு உரிய பேனாவை எடுத்து, நீள நோட்டில் ‘எழுதிப் பார்த்தது’ என்று ஒரு வரி எழுதி, கீழே தேதி போடுவார். அந்த நோட்டு முழுக்க அந்த ஒரே வரிதான். முத்திரைத்தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். நகத்தால் ஓரத்தை வருடுவார். சில தாள்களைத் திருப்பிக் கொடுத்து வேறு கேட்பார். முத்திரைத்தாள் விற்கிறவர் முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கொடுப்பார். நான் கேட்டால் மாற்றமாட்டார்.

ஒரு பக்கம் எழுதி முடித்ததும் அதைப் பெஞ்சின்மேல் போட்டு, நான்கு மூலைக்கும் கூழாங்கல் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். கட்சிக்காரர்கள் காத்திருக்க வேண்டியதுதான். அதை நான் பந்தா என்று நினைத்தேன். என்னிடம் மரப்பிடி போட்ட ஒத்துக்கட்டை இருந்தது, அடியில் மை உறிஞ்சும் தாள் சுற்றியது. இரண்டு வரிக்கு ஒருமுறை அதை உருட்டி ஒத்திவிட்டு எழுதிக்கொண்டே போவேன். அவர் ஒரு பத்திரம் முடிப்பதற்குள் நான் ஒன்றரை முடிப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

1989 பிப்ரவரியில் பீர்க்கன்கரணை பொன்னியம்மாள் என் மேஜைக்கு வந்தாள். ஏரிக்கரையை ஒட்டி ஏழு ஏக்கர் வைத்திருந்தவள். அதை இரண்டு மகன்களுக்கும் பாகம் பிரித்து எழுதவேண்டும்.

“ஏசுபாதத்துக்கு ஏதோ வாத்தியாருங்க சொசைட்டி வேலையாம், இந்த மாசம் பூரா கை ஓயாதாம். அதான் உன்கிட்ட வந்தேன்” என்றாள்.

பொய் சொல்லத் தெரியாத பெண்பிள்ளை. மஞ்சள் பையிலிருந்து இரண்டு பழைய பத்திரங்களை எடுத்து மேஜையில் விரித்தாள்.

“இது எண்பதுல அவரு எழுதினது. இன்னிக்கு எழுதினாப்புல கீது. இது எண்பத்திரெண்டுல நீ எழுதினது. இன்னா நைனா, சாயம்போன பொடவையாட்டம் கீது?”

“காகிதம் அப்படிம்மா.”

“ரெண்டும் சர்க்கார் காயிதம்தானே? நான் இன்னா படிக்கத் தெரியாதவன்னா பார்க்கவும் தெரியாதவளா?” என்றாள். “என் பசங்க நாளைக்கு அடிச்சிக்கினா இந்தக் காயிதம்தான் பேசணும். எழுத்து மங்கிப் பூட்டா யாரு பேசுவா? அவரு எழுதறாப்புல கறுப்பா எழுதித் தருவியா, இல்ல பல்லாவரம் போவட்டுமா?”

“கறுப்பாவே எழுதித் தரேன்” என்றேன்.

பக்கத்து மேஜையில் ஏசுபாதம் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். அதுதான் என்னைச் சுட்டது.

இருவரும் ஒரே கடையில், ஒரே நீலக்கறுப்பு மை வாங்குகிறவர்கள். எழுதும்போது நீலமாக இருந்து, நாளாக ஆகக் கறுக்கும் மை அது. அவருடையது கறுக்கிறது, என்னுடையது வெளுக்கிறது. அப்படியானால் அவர் அதில் எதையோ கலக்கிறார் என்று முடிவுகட்டினேன். அவர் மேஜை இழுப்பறையின் மூலையில் ஒட்டுச்சீட்டு இல்லாத மருந்துப் புட்டி ஒன்று இருந்தது. வெகுநாளாக என் கண் அதன்மேல் இருந்தது.

பத்திரம் எழுதவேண்டிய நாளுக்கு முந்தின மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைக் கழுவ அவர் குழாயடிக்குப் போனார். நான் எழுந்து போய் இழுப்பறையைத் திறந்து, மை ஊற்றும் ஃபில்லரால் இரண்டு முறை உறிஞ்சி, என் காலிப் புட்டியில் விட்டுக்கொண்டேன். அவர் டப்பாவை உதறிக்கொண்டு திரும்பியபோது நான் ஒத்துக்கட்டைக்குப் புதுத்தாள் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் பேனாவைக் கழுவிக் காயவைத்து, அந்த மையை நிரப்பி, நானும் ‘எழுதிப் பார்த்தது’ என்று ஒரு வரி எழுதினேன். கன்னங்கரேல் என்று விழுந்தது. பதினோரு வருஷம் கழித்து அவரைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் பொன்னியம்மாள் இரண்டு மகன்களோடு வந்தாள். மூத்தவன் துரைராஜ். இளையவன் தனக்கோடி, மஸ்கட்டில் வெல்டர். அன்று ராத்திரியே அவனுக்கு ரயில், பம்பாய் போய் விமானம் ஏறவேண்டும். அடுத்த முறை வர இரண்டு வருஷம் ஆகும். எந்தப் பக்கம் யாருக்கு என்ற சண்டை முந்தின நாள்தான் ஓய்ந்திருந்தது. அன்றே எழுதி, அன்றே கையெழுத்துப் போட்டுப் பதிந்தாகவேண்டும்.

பேனா முதலில் எழுதவில்லை. நிப்பைத் தண்ணீரில் தொட்டெடுத்ததும் எழுதியது. தேதி, ஊர், பொன்னியம்மாள் பேர், அவள் புருஷன் பேர் என்று நான்கு வரி. கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. ஐந்தாம் வரியில் நிப்பு வெறுமனே கீறியது. மறுபடி தண்ணீர் தொட்டேன். அசையவில்லை. ஓரமாக ஒரு உதறு உதறினேன். நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டைக்குள் திரண்டிருந்த மை மொத்தமாகத் தாளின் நடுவில் வந்து விழுந்தது, ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு.

“அய்யய்யோ, இன்னாடா இது!” என்று பொன்னியம்மாள் வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

“என்னா சார், ரயிலுக்கு நாழியாவுது, நீ ஹோலி கொண்டாடிக்கினு கீறே?” என்றான் தனக்கோடி.

புதுத் தாள் வாங்கலாம் என்றால் விற்கிறவர் அன்று கடை திறக்கவில்லை. நான் ஒத்துக்கட்டையைத் தூக்கினேன்.

“அதை வை கீழே.”

ஏசுபாதம் எழுந்து வந்திருந்தார். கறையின் விளிம்பை ஒரு விரலால் தொட்டார். விரலைக் கட்டைவிரலோடு தேய்த்து, வெயில் பக்கம் பிடித்துப் பார்த்தார். பிறகு தன் இழுப்பறையைப் பார்த்தார். கட்சிக்காரர்களுக்குக் கேட்காதபடி, குனிந்து பேசினார்.

“இது பேனாவுல ஊத்துற மை இல்ல, சுப்பராயலு. மனைக்குப் படம் போடற மை. அரக்கு கலந்தது. ஒரு ராத்திரி இருந்தா பேனாவுக்குள்ள கல்லாயிடும்.”

எனக்கு டிராயிங் மை தெரியாததல்ல. கடையில் பேர் ஒட்டி, தனிப் புட்டியில் வரும். இது மருந்துப் புட்டியில் இருந்தது, அவருடையதாக இருந்தது, அவ்வளவுதான். முகர்ந்து பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். நான் முகரவில்லை.

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேய்யா” என்றார். “உன் மையும் என் மையும் ஒண்ணுதான். ஈரம் காயறதுக்குள்ள கட்டையால ஒத்தி ஒத்தி எடுத்துடறே. அப்புறம் காகிதத்துக்குள்ள என்ன இறங்கும்? உன் எழுத்தெல்லாம் அந்தக் கட்டையில இருக்கு.”

நான் ஒத்துக்கட்டையைப் பார்த்தேன். நேற்றுச் சுற்றிய புதுத்தாள் வெள்ளையாக இருந்தது. அதற்கு முன் எத்தனை தாள் நீலமாக நனைந்து குப்பைக்குப் போயிற்று என்பது எனக்குத்தான் தெரியும்.

“உங்க பேனாவைக் குடுங்கண்ணா. நானே எழுதி முடிச்சிடறேன்.”

“பேனா தர மாட்டேன். கை மாறினா நிப்பு முள்ளு கெட்டுடும். எழுத்து வேணா தரேன், நகரு.”

சொசைட்டிக்காரர்களைச் சாயங்காலம் வரச்சொல்லிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்று வரைவு நகலைப் படித்துச் சொன்னேன், அவர் எழுதினார். கறையை விட்டு ஒதுங்கி ஐந்தாம் வரி தொடங்கியது. பக்கத்தின் அடியில் வழக்கப்படி திருத்தக் குறிப்பு எழுதினார்: ‘இப்பக்கம் நான்காம் வரிக்குக் கீழ் மை கொட்டிய இடம் ஒன்று. வேறு அடித்தல் திருத்தல் இல்லை.’ அதன் பக்கத்தில் மூவரும் கையெழுத்துப் போட்டார்கள், பொன்னியம்மாள் மட்டும் கைநாட்டு. பெஞ்சு முழுக்கப் பக்கங்கள் கூழாங்கல்லுக்கு அடியில் காய்ந்தன. தனக்கோடி கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பீடியாக ஊதித் தள்ளினான். ஏசுபாதம் ஒரு பக்கத்தைக்கூட அவசரமாக எடுக்கவிடவில்லை.

கடைசியில், ‘எழுதியவர்’ என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

“உன் கையெழுத்தைப் போடு.”

“நீங்க எழுதினது. நீங்களே போடுங்க.”

“ஆரம்பிச்சது நீ. கட்சிக்காரங்க உன்னவங்க. போடுய்யா, ஆபீஸ் மூடிடுவான்.”

என் பேனா செத்துக் கிடந்தது. கட்சிக்காரர்கள் கையெழுத்துப் போட வைத்திருந்த பால்பாயிண்டால் என் பேரையும் லைசென்ஸ் எண்ணையும் போட்டேன். நான்கு மணிக்குப் பத்திரம் பதிவாயிற்று. தனக்கோடி ரயிலைப் பிடித்தான். வெளியே வந்ததும் பொன்னியம்மாள் முதல் பக்கத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“அந்தக் கறைக்கு அப்பால ஜோரா கீது நைனா” என்றாள்.

என்னைத் திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். புட்டியைப் பற்றி ஏசுபாதம் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்னும் மோசம். ஒரு மனிதன் நன்றாக எழுதி, நன்றாகவும் நடந்துகொண்டால், பக்கத்து மேஜைக்காரன் என்னதான் செய்வான்? பேனாவைக் கழற்றி, வெந்நீரிலும் கொஞ்சம் ஸ்பிரிட்டிலும் மாற்றி மாற்றி ஊறவைத்து, தையல் நூலை நிப்புக்கட்டையின் பள்ளத்தில் ஓட்டி ஓட்டி எடுத்தேன். பதினெட்டு நாள் ஆயிற்று. ஒத்துக்கட்டையை அடுப்பில் போட்டேன். அதற்கப்புறம் நானும் கூழாங்கல் வைத்தேன். என் எழுத்தும் கறுத்தது. கட்சிக்காரர்கள், “ஏசுபாதம் மாதிரியே எழுதறீங்க” என்றார்கள்.

1995இல் துரைராஜ் தன் பாகத்தை விற்க அந்தப் பத்திரத்தைக் கொண்டுவந்தான். அதற்குள் கொட்டகையில் பாதிப் பேர் டைப் மெஷினுக்கு மாறியிருந்தார்கள். நான் முதல் பக்கத்தை விரித்தபோது ஏசுபாதமும் எழுந்து வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

அவர் வரிகள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் மேலே இருந்த நான்கு வரிகள், நான் எழுதியவை, அச்சடித்ததுபோல இருந்தன. அவற்றுக்குக் கீழே அவர் எழுத்து கொஞ்சம் பழுப்பாகத் தெரிந்தது.

“உன் நாலு வரி என்னுதைவிடக் கறுப்பா இருக்குதே” என்றார்.

“உங்க மைதானேண்ணா.”

“மை என்னுது” என்றார். தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார், மறுபடி திருப்பினார். அந்த முகம் எனக்குத் தெரியும். பதினேழு வருஷம் தினமும் காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்த முகம்.

பத்து நாள் கழித்து, மத்தியானம் கொட்டகையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து என் மேஜைக்கு வந்தார். ஃபிளானல் துணியில் சுற்றியதை எடுத்து வைத்துப் பிரித்தார். உள்ளே, மஸ்கட் பிள்ளை யாரோ கொடுத்த பேனா, அவரிடம் இருந்ததிலேயே நல்லது. நிப்பின் பிளவில் கறுப்பாக, பளபளவென்று ஏதோ உறைந்திருந்தது.

“அந்தப் படம் போடற மையைத் தண்ணி கலந்து ஊத்தினா உறையாம நிக்கும்னு பார்த்தேன்” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். “நீ அப்போ எதுல போட்டுய்யா கழுவினே?”

நான் பேனாவைக் கையில் வாங்கினேன். அவர் தன் பேனாவை இன்னொருவன் கையில் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

“பதினெட்டு நாள் ஆகும்ணா” என்றேன். “வெச்சிட்டுப் போங்க.”

பதினைந்து நாளிலேயே அது எழுதிவிட்டது. பதினெட்டாம் நாள்தான் திருப்பிக் கொடுத்தேன்.