தந்தி வந்த அத்தியாயம்

கதையை மாற்றி வாசித்தது நான் ஒரே ஒரு தடவைதான். அதற்கு வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

குவைத் சண்டை நடந்த குளிர்காலம் அது. சவூதியில், அல் கோபாரில் எங்கள் கட்டடத்தில் ஊருக்குப் போகாமல் மிஞ்சிய பெண்கள் இரண்டே பேர். ஒன்று நான். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. அவரை விட்டுப் போக எனக்கு மனமில்லை. இன்னொருவர் எதிர் ஃபிளாட் லாத்தா. கீழக்கரைப் பக்கம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் போகாததற்குக் காரணம் வேறு. குவைத்தில், ஃபஹாஹீலில் தம்பியின் கடையைப் பார்த்துவிட்டு மூன்று நாளில் வருகிறேன் என்று போன அவர் கணவர், எல்லை மூடி ஐந்து மாதமாகியும் திரும்பவில்லை. போனும் இல்லை, கடிதமும் இல்லை. "அவுக வந்து தட்டுனா யாரு கதவத் தொறப்பா?" என்று கேட்டு, ஊருக்கு எடுத்த டிக்கெட்டை லாத்தா திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சைரன் ஊதினால் ஈரத் துண்டோடு என் வீட்டுக்கு ஓடி வருவார். விஷவாயு உள்ளே வராமலிருக்க என் படுக்கையறை ஜன்னல் முழுக்கப் பழுப்பு டேப் ஒட்டியிருந்தோம். கதவிடுக்கில் துண்டைத் திணித்துவிட்டு உட்கார்ந்தால், ஆபத்து நீங்கியதைச் சொல்லும் அடுத்த சைரன் வரைக்கும் செய்ய ஒன்றுமில்லை. என் கணவர் பெரும்பாலும் டியூட்டியில் இருப்பார். டிவியைப் போட்டால் அதிலும் சண்டைதான்.

என்னிடம் ஒரு புத்தகம் இருந்தது. பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, ஊரில் பைண்டு செய்து கொண்டுவந்தது. பக்கத்துக்குப் பக்கம் பாதிச் சமையல் குறிப்பும் பாதிப் பல்பொடி விளம்பரமும் இருக்கும். பர்மா சண்டைக்குப் போனவனின் மனைவி, அவன் கடிதங்களைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் காத்திருக்கும் கதை. லாத்தாவை வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்களாம். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். அதனால் நான் வாசிக்க, அவர் கேட்பார். சும்மா கேட்கிற ஆளில்லை. கதையில் வரும் மாமியாரை அவர் வைத வசவை இங்கே எழுத முடியாது.

"இவளுக்கு வாயில்லையா? நானா இருந்தா சட்டிய அவ தலயில கவுத்திருப்பேன். நீ வாசி புள்ள."

வெளியே என்னவோ அதிரும்; உள்ளே மாமியாருக்குத் திட்டு விழும். அந்தக் குரல் இல்லையென்றால் நான் பயத்திலேயே செத்திருப்பேன்.

சிக்கல் பதினான்காம் அத்தியாயத்தில் வந்தது. அதில் தந்தி வருகிறது, கணவன் இறந்துவிட்டான். எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் போயும் போயும் இந்தக் கதையை எடுத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். லாத்தா கண்ணெடுக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசித்தேன்: காயம்தான், தேறிவிட்டான், அடுத்த கப்பலில் வருகிறான். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் லாத்தா. புண்ணியம் செய்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ரொட்டி வாங்கித் திரும்பியபோது, அவர் என் சோபாவில் உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் விரித்து, எழுத்தெழுத்தாக விரலை நகர்த்திக்கொண்டிருந்தார். அத்தியாயத்தின் கடைசி வரிக்கு வந்து நிமிர்ந்தார்.

"மவுத்தாயிட்டான்னுல்ல போட்டிருக்கு."

நான் ரொட்டிப் பையைக் கீழே வைத்தேன்.

"ஊருலருந்து உம்மா, ஒம் மாப்புள வந்துருவாருங்குது. அவுகளுக்கு விசா குடுத்த கபீல் மாஃபி முஷ்கில், ஒண்ணும் பிரச்சினை இல்லங்குறான். எல்லாரும் எனக்கு நல்லதாவே சொல்றாங்க, ஒருத்தர் மூஞ்சிலயும் நெசம் இல்ல. இந்தப் புஸ்தகமாச்சும் உள்ளதச் சொல்லுதுன்னு நெனச்சேன். அதுலயும் நீ கைய வச்சிட்டியே!"

"உங்களுக்காகத்தான் லாத்தா..."

"எனக்காகவா? அவன் செத்தா செத்துட்டுப் போறான். அதுக்கப்பறம் அவ என்ன செஞ்சா? எப்புடி எந்திரிச்சா, எப்புடி சோறு பொங்குனா? எனக்கு அதுதான் தெரியணும். வேற யாருட்ட போயி இதக் கேப்பேன்?"

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அந்த அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து உள்ளபடியே வாசித்தேன். அழுதது நான், அவர் முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி கேட்டார். பதினைந்தைப் புரட்டியதும் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "பொறு. தெரியணும்தான். இப்ப வேணாம்."

அதை வாசிக்கும் வேளை அப்போது வரவேயில்லை. சண்டை ஓய்ந்த சில நாளில் எதிர் ஃபிளாட் கதவு தட்டப்பட்டது. தாடியும் அழுக்குச் சட்டையுமாகப் பாதி ஆளாய் அவர் கணவர் நின்றார். லாத்தாதான் திறந்தார். நான் என் கதவுக்குப் பின்னால் நின்று வாய்விட்டு அழுதேன். புத்தகத்தைப் பற்றி அதன்பின் நாங்கள் பேசவில்லை.

அவர்கள் ஊரோடு போய்ப் பல வருடங்களாகின்றன. நான் இப்போது பஹ்ரைனில், ஈசா டவுனில் மகளோடு இருக்கிறேன். போன மாதம் லாத்தாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. அவர் கணவர் இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. நான் ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"அந்தப் புஸ்தகம் இருக்கா புள்ள?"

இருந்தது. ஓரமெல்லாம் உதிர்ந்திருந்தது.

"பதினஞ்சுலருந்து வாசி. இப்ப புஸ்தகம் உங்கிட்ட இருக்கு. நீ மாத்துனா என்னால கண்டுபிடிக்க முடியாது. மாத்தாத."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். மறுநாள் காலையில் அவள் எழுந்து அடுப்புச் சாம்பலை அள்ளினாள் என்றுதான் அந்த அத்தியாயம் தொடங்குகிறது.

"ம்" என்றார் லாத்தா. "எந்திரிச்சிட்டா. மேல வாசி."