வேறு நிறச் சட்டை

கும்மிடிப்பூண்டி பக்கம், ஆரணிக்குப் பிரிகிற முனையில், டீக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவில், எனக்கு ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். கல்லூரி வாலிபால் ஆட்டம் ஒன்றில் யாரோ எடுத்த படம். நெட்டுக்கு மேலே எழும்பி, வலது கையைப் பின்னால் இழுத்து, பந்தை அடித்து இறக்கப் போகிறேன். கீழே 'எங்கள் ஊரின் தங்கமங்கை' என்று போட்டு, பக்கத்தில் வட்ட வட்டமாக ஊர்ப் பெரியவர்களின் முகங்கள். அதில் ஒரு முகம் என் முகத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஃப்ளெக்ஸ் அடித்துக் கொடுத்தவர் அவர்தானாம்.

அதைக் கட்டிய நேரத்தில் நான் பந்தை அடிப்பதையே விட்டிருந்தேன்.

தொழில்முறை லீக்கில் ஓர் அணி என்னை எடுத்தபோது ஊருக்கே தலைகால் புரியவில்லை. எனக்கும்தான். பயிற்சி முகாமில் போய் நின்றதும் புரிந்துவிட்டது. ஊரில் நான்தான் நெட்டச்சி. அங்கே மற்றவர்களின் தோளுக்குத்தான் வந்தேன். நான் அடித்த பந்தெல்லாம் எதிரில் நிற்கிறவள் கையில் பட்டு என் காலடியிலேயே விழுந்தது. கோச் சில நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு கூப்பிட்டு, "நீ பந்த எடுக்கிறது நல்லா இருக்கு. இனிமே நீ லிபரோ" என்றார்.

லிபரோ என்றால் பின்வரிசையில் மட்டும் ஆடுகிறவள். எதிரணி அடிக்கிற பந்தைத் தரையில் விழாமல் எடுத்துக் கொடுக்க வேண்டும். தாவி அடிக்கக் கூடாது, நெட்டில் தடுக்கக் கூடாது. அணியின் உயரமான ஆட்டக்காரிகள் சுற்று மாறிப் பின்வரிசைக்கு வரும்போது அவர்களுக்குப் பதிலாக நான் உள்ளே போவேன். அவர்கள் முன்னால் போகும் முறை வந்ததும் நான் வெளியே வந்துவிட வேண்டும். ஆட்டம் முழுக்க இப்படிப் போவதும் வருவதும்தான். ஆளைப் பார்த்ததும் தெரிய வேண்டும் என்று எனக்கு மட்டும் வேறு நிறச் சட்டை. இது மரியாதையான இடம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் நாள் நான் கண்ணாடி பக்கமே போகவில்லை.

எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவிடம் போனில் சொன்னேன். அவர் வயலில் நின்றிருந்தார். பம்புசெட் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அப்போ அடிக்க மாட்டியா?"

"அடிக்கிறது வேற ஆளு நைனா. நா எடுத்துக் குடுக்கணும்."

அவர் பம்புசெட்டை நிறுத்துவது கேட்டது. பிறகு, "சரி கண்ணு. எதுனா ஒன்னு. உள்ள இருந்தா சரி" என்றார்.

சென்னையில் எங்கள் ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு எங்கள் ஊரிலிருந்து ஆள் ஏற்றிப் போகிற வேன் அன்றைக்குச் சும்மா நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அம்மா, நைனா, சித்தி, சனிக்கிழமை ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தூங்காமல் அப்படியே ஏறிக்கொண்ட பெண்கள். கூடவே ஓர் அண்டா புளிசோறும் ஒரு பை அவித்த வேர்க்கடலையும். டீமுக்கும் சேர்த்துத்தானாம்.

எங்கள் ஊரில் பொங்கலுக்கு வாலிபால் நடக்கும். அதில் ஒரு வழக்கம் உண்டு. பந்தைக் கோட்டை விட்டவனை எல்லோருமாகச் சேர்ந்து வெளியே அனுப்புவார்கள். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்க் குந்துவான். நன்றாக ஆடுகிறவனை வெளியே கூப்பிட்டதாகச் சரித்திரமே கிடையாது. எங்கள் ஜனங்களுக்குத் தெரிந்த வாலிபால் அதுதான்.

அன்றைக்கு ஆடியதுபோல அதற்கு முன் நான் ஆடியதில்லை. கைக்கு வந்த பந்தையும் எடுத்தேன், வராததையும் விழுந்து எடுத்தேன். முதல் தடவை முறைப்படி வெளியே வந்தபோது கேலரியின் ஒரு மூலையிலிருந்து 'த்சொ' என்று ஒரு சத்தம் வந்தது. உள்ளே போனேன், கைதட்டினார்கள். மறுபடி வெளியே வந்தேன், மறுபடி 'த்சொ'. மூன்றாவது செட்டில் சித்திக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று நடுவரைப் பார்த்துக் கத்தினாள்.

"யோவ் விசிலு, எதுக்குய்யா எங்க பொண்ண மட்டும் தொரத்திகினே கீற?"

கேலரி முழுக்கச் சிரித்தது. பக்கத்தில் நின்ற ஆட்டக்காரி, "உங்க ஆளுங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. மேலே நிமிர்ந்தபோது சித்தியின் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துக்கொண்டிருந்த அம்மா தெரிந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த கடலைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் ஜெயித்தோம். வெளியே வேனுக்குப் போனால் எழவு வீடு மாதிரி இருந்தது. அண்டாவை யாரும் திறக்கவில்லை. சித்தி என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"உடு கண்ணு. எல்லா நாளும் ஒரே மாதிரியா இருக்கும்?" என்றார் நைனா.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. செருப்பைக் கழற்றி அதன் முனையால் மண்ணில் கோடு போட்டேன். இது நெட், இது முன்வரிசை, இது பின்வரிசை, இங்கே வந்தால் நான் வெளியே போக வேண்டும், அதுதான் ரூல், தப்பு ஒன்றும் செய்யவில்லை என்று மூச்சுவிடாமல் சொன்னேன். எல்லோரும் 'ஆமா, ஆமா' என்றார்கள். காய்ச்சல்காரியிடம் பேசுகிற குரலில்.

அம்மா என்னைத் தனியாக வேனுக்குப் பின்பக்கம் அழைத்துப் போனாள்.

"இன்னாத்துக்கு இவ்ளோ பேசற? நா யாராண்டயும் சொல்ல மாட்டேன்."

"அம்மா, நெஜமாவே ரூலும்மா."

"ஒரு தப்பும் பண்ணாத பொண்ண இத்தினி வாட்டி வெளிய அனுப்புவாங்களா? சட்டையகூட வேறயா குடுத்து ஒதுக்கி வச்சிகிறாங்க. எனக்குக் கண்ணு தெரியாதா?" அவள் குரல் உடைந்தது. "ஆனா வெளிய வர்றப்பல்லாம் தலையக் குனியாத வந்த பாரு. அது போதும் எனக்கு."

அம்மா சொன்னதில் ஒன்றுகூட விதிப்படி சரியில்லை. ஆனால் அந்தச் சட்டையைக் கையில் வாங்கிய அன்று நானும் அச்சு அசலாக அதையேதான் நினைத்தேன். மண்ணில் கோடு போட்டு நான் சொன்னதெல்லாம் அவர்களுக்காக இல்லை. நம்பாத ஒன்றை வேறு யாரிடமோ சத்தம் போட்டுச் சொன்னால் நம்பிக்கை வந்துவிடும் என்று பார்த்தேன், அவ்வளவுதான். அதை அம்மா ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள். அவமானமாக இருந்தது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது முனையில் ஃப்ளெக்ஸ் இல்லை. வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் போரின் மேல் கிடந்தது. படம் உள்பக்கம், வெள்ளை வெளிப்பக்கம்.

"மழ வர மாதிரி இருந்துச்சு, மூட ஒன்னும் கெடைக்கல" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்தபடி.

நைனாதான் பிறகு சொன்னார். "போறவன் வர்றவன்லாம், இன்னா உம் பொண்ண ஆட உடலியாமேன்னு கேக்குறான். பேஜாரா பூடுச்சு அவளுக்கு. அவளேதான் போயி அவுத்துகினு வந்தா."

நான் போய் அதைத் திருப்பிப் போடவில்லை.

அதற்குப் பிறகு வந்த சீசன்களிலும் அதே இடத்தில்தான் ஆடினேன். மெல்ல மெல்ல அந்த வேலை பிடித்துப்போனது. இப்போது கண்ணாடியில் அந்தச் சட்டையைப் பார்க்க முடிகிறது. வீட்டில் மட்டும் எதுவும் மாறவில்லை. டிவியில் ஆட்டம் வந்தால், நான் வெளியே வருகிற ஒவ்வொரு முறையும் அம்மா எழுந்து சமையல்கட்டுக்குள் போய்விடுவாளாம். அங்கிருந்தே நைனாவைக் கேட்பாளாம், "உள்ள இட்டுகினாங்களா?" என்று. ஆமாம் என்றால்தான் திரும்பி வருவாளாம்.

போன வாரம் எனக்குச் சிறந்த லிபரோ விருது கொடுத்தார்கள். மேடையிலிருந்து இறங்கியதும் வீட்டுக்குத்தான் போன் செய்தேன். நைனா பேச ஆரம்பிப்பதற்குள் அம்மா வாங்கிக்கொண்டாள். அப்படி ஒரு சந்தோஷக் குரலை அவளிடம் நான் கேட்டதே இல்லை.

"பாத்தேன் கண்ணு, பாத்தேன். எல்லாரும் கைதட்டுனாங்க. அப்போ இனிமேட்டு உன்ன வெளிய அனுப்ப மாட்டாங்க இல்ல?"

கோடு போட்டுக் காட்ட அங்கே மண் இல்லை. இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்.

"மாட்டாங்கம்மா" என்றேன்.

அடுத்த ஆட்டம் வெள்ளிக்கிழமை. டிவியில் வருகிறது. சுற்று மாறியதும் நான் வெளியே வந்தாக வேண்டும்.